கடைக்கு வந்து சேராத பாட்டு

1974-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலிருந்து ‘ரேடியோ சிட்டி’ என்றொரு இசைத்தட்டு வெளிவந்தது. அதில் ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ என்று ஒரு பாட்டு. மூன்று நிமிடம்கூட முழுதாக ஓடாது. பாடிய குழுவின் பெயர் பிக் ஸ்டார். அந்த ஆண்டு அமெரிக்க வானொலிகளில் நாள் முழுவதும் ஒலித்திருக்க வேண்டிய பாட்டு என்று விஷயம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் ஆதங்கப்படுகிறார்கள். ஒலிக்கவில்லை. விற்கவுமில்லை. பெயரில் மட்டும் பெரிய நட்சத்திரமாக இருந்த அந்தக் குழு சத்தமில்லாமல் கலைந்து போயிற்று.

திருவாசகமும் தேவாரமும் பேசும் நம் சங்க மலரில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. சென்ற பொங்கல் விழாவில் என் பேரன் கிடாரோடு மேடையேறித் தானே எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்றைப் பாடியதைப் பலர் கேட்டிருப்பீர்கள். பதினேழு வயதுப் பையன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தக் கல்கத்தாவில்தான். பாடி முடித்துக் கீழே இறங்கியதும் என் நெடுநாள் நண்பர் ஒருவர், நல்ல சங்கீத ரசிகர், அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, “நல்லாத்தான் இருக்குடா கண்ணா. ஆனா இது பீட்டில்ஸ் காப்பி இல்லையோ?” என்றார். “இல்லை மாமா, பிக் ஸ்டார்னு ஒரு குழு, அதைக் கேட்டுத்தான் எழுதினேன்” என்று பையன் தன் போனில் ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாட்டைப் போட்டுக் காட்டினான். நண்பர் அரை நிமிடம் கேட்டார். “அட, இதுவே பீட்டில்ஸ் காப்பிதானே! அப்போ நீ காப்பிக்குக் காப்பி!” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மனதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்குச் சுவரில் மாட்டிய கிடாரைப் பையன் இந்தக் கட்டுரை எழுதும்வரை எடுக்கவில்லை.

நண்பரிடம் நேரில் வாதாடி ஜெயிக்க முடியாது. குரல் பெரிது அவருக்கு. எனவே எழுத்தில் வைக்கிறேன்.

இதைப் பேச எனக்கென்ன தகுதி? 1968-இல் இருபது வயதில் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். லேக் மார்க்கெட் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை. அறையில் ஒருவனிடம் ரேடியோ இருந்தது. அதில் சிலோன் ஸ்டேஷனின் ஆங்கிலப் பாட்டு. பீட்டில்ஸ் தட்டுகளை எச்.எம்.வி.காரர்கள் இங்கே டம்டம் ஆலையிலேயே அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். 1967-இல் தொடங்கிய ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையை அறைக்கு ஒன்று வாங்கி நாலு பேரும் படிப்போம். பார்க் ஸ்ட்ரீட் டிரிங்காஸில், அப்போது உஷா ஐயராக இருந்த உஷா உதூப், 1969-இல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடத் தொடங்கியபோது நம்மவர் வீடுகளில் அது பெரிய பேச்சு. பழைய தட்டு வேண்டுமென்றால் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட். மாதக் கடைசியில் அங்கே போவது, வாங்குவதற்கல்ல, தடவிப் பார்த்துவிட்டு வருவதற்கு. ஆக, அறுபதுகளின் பாப் இசை எனக்குப் புத்தகப் படிப்பில் வந்ததல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பீட்டில்ஸ் காப்பி என்கிறாரே நண்பர், அந்த பீட்டில்ஸ் எங்கிருந்து எடுத்தார்கள்?

மெம்பிஸிலிருந்துதான். மிசிசிப்பி நதிக்கரையில் இருக்கும் இந்த ஊரின் சன் ரிகார்ட்ஸ் என்ற சின்ன ஸ்டுடியோவில்தான் எல்விஸ் பிரெஸ்லி 1954-இல் தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். கார்ல் பெர்கின்ஸ் பாடியதும் அங்கேதான். இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் இருந்த பையன்கள் இந்தத் தட்டுகளைத் தேய்ந்துபோகும் வரை கேட்டார்கள். கார்ல் பெர்கின்ஸின் மூன்று பாட்டுகளை 1964-இல் பீட்டில்ஸ் குழுவினர் தாங்களே பாடிப் பதிவு செய்தார்கள். அவற்றில் ஒன்றைப் பதிவு செய்த நாளில் பெர்கின்ஸே லண்டன் ஸ்டுடியோவில் உடனிருந்தார். 1966-இல் மெம்பிஸுக்கே வந்து, ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் ஓர் ஆல்பம் பதிவு செய்யலாம் என்றுகூட யோசித்தார்கள். மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போனார். கைகூடவில்லை.

மெம்பிஸில் புறப்பட்ட சங்கதி லிவர்பூல் போய் அங்கே வேறு உருவம் எடுத்தது. அந்த உருவத்தில் முக்கியமான ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அது பன்னிரண்டு தந்திக் கிடார்.

சாதாரணக் கிடாருக்கு ஆறு தந்தி. பன்னிரண்டு தந்தியில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஜோடி. கனமான நாலு தந்திகளுக்கு ஜோடியாக வருவது ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்தது. மெல்லிய இரண்டுக்கு அதே சுருதி. ஒரு முறை மீட்டினால் இரண்டு ஒலி. என்னதான் சுருதி சேர்த்தாலும் இரண்டும் மயிரிழை விலகித்தான் நிற்கும். அந்த விலகலில்தான் அழகு. கோயிலில் இரட்டை நாகசுரம் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? ஒருவர் வாசிக்கும்போது இல்லாத ஓர் அகலம் இரண்டு பேர் சேரும்போது வருமே, அது போல. ஆனால் இங்கே ஒலி உலோகத்தன்மையோடு, சலங்கை குலுங்குகிற மாதிரி. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஜாங்கிள்’ என்றே பெயர். நான் சலங்கைக் கிடார் என்று சொல்லிக்கொள்வேன்.

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் முதன்முதலாக அமெரிக்கா போனபோது ரிக்கன்பாக்கர் கம்பெனிக்காரர்கள் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசனிடம் இப்படியொரு மின்சாரக் கிடாரைக் கொடுத்தார்கள். அதே வருடம் வந்த ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படத்தின் தலைப்புப் பாட்டில், ஆரம்பத்தில் ‘ஜங்’ என்று ஓர் ஒற்றை மீட்டல் வருகிறதே, அதில் இந்தக் கிடார் இருக்கிறது. (அதே 1964-இல்தான் ‘காதலிக்க நேரமில்லை’யில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி நம் ஊரை ட்விஸ்ட் ஆட வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் காப்பி என்று ஒதுக்கவில்லை.) லிவர்பூலின் இன்னொரு குழுவான சர்ச்சர்ஸ் அதே ஆண்டு ‘நீடில்ஸ் அண்ட் பின்ஸ்’ பாட்டில், இரண்டு ஆறுதந்திக் கிடார்களைச் சேர்த்து வாசித்து, பன்னிரண்டு தந்தி போலவே ஒலிக்கச் செய்தார்கள். சர்ச்சர்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அந்தப் படத்தைப் பார்த்த மெக்குவின் என்ற இளைஞர், தியேட்டரில் ஹாரிசன் கையில் இருந்த கிடாரைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு ரிக்கன்பாக்கர் வாங்கினார். அவருடைய பேர்ட்ஸ் குழு 1965-இல் பாப் டிலன் எழுதிய ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாட்டை அந்தக் கிடாரோடு பாடியது. அமெரிக்காவில் முதலிடம். இந்தக் குழுவினர் நம் ரவிசங்கரின் சிதாரையும் விழுந்து விழுந்து கேட்டவர்கள். 1966-இல் அவர்கள் பாடிய ‘எய்ட் மைல்ஸ் ஹை’யில் அந்தப் பாதிப்பு உண்டு. யார் யாரிடம் எடுத்தார்கள் என்று கணக்கெழுத உட்கார்ந்தால் பேரேடு போதாது.

இனி மெம்பிஸுக்குத் திரும்புவோம். 1966 ஆகஸ்ட் 19-ஆம் தேதி பீட்டில்ஸ் அந்த ஊரில் பாடியபோது அலெக்ஸ் சில்ட்டன் என்ற உள்ளூர்ப் பையனுக்கு வயது 15. அப்பா ஜாஸ் வாசிப்பவர். அடுத்த வருடமே பையன் பிரபலமாகிவிட்டான். பாக்ஸ் டாப்ஸ் என்ற குழுவில் சேர்ந்து, பதினாறு வயதில், ஐம்பது வயதுக்காரர் போன்ற கரகரத்த குரலில் அவன் பாடிய ‘த லெட்டர்’ 1967 செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்து நாலு வாரம் அங்கேயே இருந்தது. பாட்டு மொத்தமே இரண்டு நிமிடம்தான். ஆனால் அந்தக் குரல் அவனுடையதல்ல. இப்படிப் பாடு என்று சொல்லிப் பாட வைத்த குரல். எந்தப் பாட்டு, எந்த வாத்தியம், எப்படிப் பாடுவது எல்லாம் மற்றவர் முடிவு. மூன்று வருடம் ஊர் ஊராகப் போனான். பீச் பாய்ஸ் குழுவோடும் சுற்றினான். 1970-இல் போதும் என்று விலகினான்.

அதே மெம்பிஸில் கிறிஸ் பெல் என்று இன்னொரு பையன். ஊர் முழுவதும் ஸோல் இசை. ஓட்டிஸ் ரெடிங், ஐசக் ஹேஸ் எல்லாம் அந்த ஊர் ஸ்டாக்ஸ் கம்பெனியின் கலைஞர்கள். உலகமே மெம்பிஸைப் பார்த்து வியந்துகொண்டிருக்கும்போது, கிறிஸ் பெல்லுக்குப் பிடித்ததோ இங்கிலாந்து. தஞ்சாவூரில் பிறந்து, பக்கத்து வீட்டில் தவில் முழங்க, ரபீந்திர சங்கீதத்தில் பைத்தியமாக இருக்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டெண்ட் ஸ்டுடியோ முதலாளி ஜான் ஃப்ரை நல்ல மனிதர். ஒலிப்பதிவுத் தொழிலைப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்து, வேலை இல்லாத இரவு நேரங்களில் ஸ்டுடியோவையே அவர்களிடம் விட்டுவிடுவார். அங்கே கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ் மூவரும் வாசித்துக்கொண்டிருந்தபோது சில்ட்டனும் வந்து சேர்ந்தான். எதிரே இருந்த மளிகைக் கடையின் பெயர் பிக் ஸ்டார். அதையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். பெல்லும் சில்ட்டனும் லெனன் – மெக்கார்ட்னி மாதிரி இரண்டு பெயரையும் சேர்த்தே பாட்டுகளுக்குக் கையெழுத்திட்டார்கள். பிடித்தது எதுவோ அதை ஒளிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இவர்கள் பாடிய வகைக்கு ‘பவர் பாப்’ என்று பெயர். இந்தச் சொல்லை 1967-இலேயே ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தங்கள் இசையைக் குறிக்கப் பயன்படுத்தினார். பீச் பாய்ஸின் ஆரம்பகாலப் பாட்டுகளையும் அதில் சேர்த்துக்கொண்டார். வாய்க்குள் நிற்கும் சின்ன மெட்டு, கூட்டுக் குரல், ஆனால் கிடாரும் டிரம்ஸும் கொஞ்சம் முரட்டுத்தனமாக. அவ்வளவுதான் இலக்கணம். எழுபதுகளில் இது பழைய மோஸ்தர். யெஸ் என்ற ஆங்கிலக் குழு 1973 கடைசியில் இரண்டு தட்டுகள் கொண்ட ஆல்பம் வெளியிட்டது. மொத்தம் நாலே பாட்டு! ஒவ்வொன்றும் இருபது நிமிடம். அந்த நாளில் மூன்று நிமிடத்துக்குள் பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு என்றால், கல்யாணத்துக்குக் காலணாப் பாதாம்பூ வைத்துக்கொண்டு போகிற மாதிரி.

‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாட்டுக்கு வருகிறேன். எழுதிப் பாடியவர் சில்ட்டன். அதற்குள் முதல் ஆல்பத்தின் தோல்வியால் மனமுடைந்து கிறிஸ் பெல் விலகிவிட்டார். மிச்சம் மூன்று பேர்.

தலைப்பிலேயே அறுபதுகள் இருக்கின்றன. ‘கேர்ள்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ’ போட்டு எழுத வேண்டும். இவர்கள் ‘யூ’ போட்டார்கள். வேண்டுமென்றே செய்த எழுத்துப் பிழை. வண்டைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றித்தான் பீட்டில்ஸ். பறவையில் ‘ஐ’யை ‘ஒய்’ ஆக்கித்தான் பேர்ட்ஸ். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. பெண்களை இப்படிக் கூட்டமாக அழைப்பதில் பீச் பாய்ஸின் 1965 ‘கலிஃபோர்னியா கேர்ள்ஸ்’ நினைவுக்கு வராமல் போகாது.

பாட்டு தொடங்கியதும் அந்தச் சலங்கை. சில்ட்டன் இதில் வாசித்த கருவிகளில் ஒன்று மாண்டோ கிடார். இங்கிலாந்தின் வாக்ஸ் கம்பெனி அறுபதுகளில் செய்தது. குட்டைக் கழுத்து, பன்னிரண்டு தந்தி, சாதாரணக் கிடாரைவிட ஒரு ஸ்தாயி மேலே. ஹாரிசனும் மெக்குவினும் போட்ட பாதையில்தான் வருகிறார், ஆனால் மேல் ஸ்தாயிக்கு ஏறிவிட்டதால் ஒலி இன்னும் மெல்லிசாக, உடைந்துவிடுமோ என்பது போல் கேட்கிறது. கீழே ஜோடி ஸ்டீஃபன்ஸின் டிரம்ஸ் இடியாக உருளுகிறது. அந்த நாலு தட்டையும் காதில் போட்டு ஊறிய எனக்கு இதில் முதல் வித்தியாசம் தட்டுப்படுவது இங்கேதான். பேர்ட்ஸ் பாட்டில் கிடார் நதி மாதிரி சீராக ஓடும். இதில் தடுக்கி, முந்தி, பிறகு பின்வாங்கி வருகிறது.

குரல் அடுத்த வித்தியாசம். ‘த லெட்டர்’ பாட்டின் கரகரப்பு அடியோடு போய்விட்டது. மெலிந்த, உயர்ந்த, கொஞ்சம் நடுங்குகிற குரல். பதினாறு வயதில் கிழவனாகப் பாட வைக்கப்பட்டவர் இருபத்து மூன்றாவது வயதில்தான் பையனாகப் பாடுகிறார்! பாட்டின் பொருள் எளியது. செப்டம்பர் மாதத்துப் பெண்கள், டிசம்பர் மாதத்துப் பையன், அவன் படும் பாடு. (சில்ட்டன் பிறந்தது 1950 டிசம்பர் 28.) மெட்டோ காலை வெயில், வார்த்தையோ துக்கம். இதற்கும் முன்னோடி உண்டு. பீட்டில்ஸின் ‘ஹெல்ப்’ 1965-இலேயே துள்ளல் மெட்டில் தவிப்பைச் சொன்னது. ஆனால் அந்தப் பாட்டில் கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை ஒலியில் இருக்கிறது. ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாட்டில் அது இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் நண்பருக்கு என் பதில். 1964-இல் அந்தச் சலங்கை ஒலிக்கும்போது அது நிகழ்காலம். இளைஞர் உலகமே புதிதாகத் திறக்கிறது என்று நம்பிய காலத்தின் ஒலி. பத்து வருடத்தில் என்னவெல்லாம் நடந்துவிட்டது! வியட்நாம். 1968 ஏப்ரல் 4-இல் இதே மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். 1970-இல் பீட்டில்ஸே பிரிந்துவிட்டார்கள். 1974-இல் அதே சலங்கையைக் கையில் எடுத்தவனுக்கு அது ஞாபகம். ஒலி ஒன்றுதான், கேட்கிற காதும் வாசிக்கிற கையும் வேறு. அந்த ஒலியின் சந்தோஷம் தெரிந்தவன், அது இப்போது இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு வாசிக்கிறான். அந்த இரண்டும் சேர்ந்த பாட்டை 1964-இல் பீட்டில்ஸால் எழுதியிருக்க முடியாது. இதை எப்படிக் காப்பி என்பது?

நம் கதையையே பாருங்கள். ஊரில் அறுவடை முடிந்து புது நெல்லில் வைக்கிற பொங்கலும், நாம் லேக் மார்க்கெட்டில் கோவிந்தபோக் அரிசி வாங்கி, மாடியில் கேஸ் அடுப்பில் வைக்கிற பொங்கலும் ஒன்றா? பொங்குவது ஒரே மாதிரிதான் பொங்குகிறது. ‘பொங்கலோ பொங்கல்’ என்று கூவும்போது என் அம்மாவுக்கு இங்கே தொண்டை அடைக்கும். ஊரில் ஒரு நாளும் அடைத்ததில்லை.

நண்பர் கர்நாடக சங்கீதப் பிரியர் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களை நம் சங்கக் குழந்தைகள் பாடும்போது தாளம் போட்டு ரசிக்கிறீர்களே, அந்த மெட்டுகள் யாருடையவை? கும்பினிக்காரர்களின் பாண்டு வாசித்த வெள்ளைக்கார மெட்டுகள். ‘சந்ததம் பாஹிமாம்’ பாடினால் பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டு அப்படியே நிற்கிறது. அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் எடுத்து வந்த வயலின் இல்லாமல் இன்றைக்குக் கச்சேரி உண்டா? தீட்சிதர் மெட்டையே எடுத்தார். என் பேரன் எடுத்தது ஒலியின் சாயலைத்தான்.

சரி, இவ்வளவு நல்ல பாட்டு ஏன் விற்கவில்லை? இதைக் கேட்காத ஆள் இல்லை. பாட்டில் குறையில்லை, கடையில்தான் தட்டு இல்லை.

ஆர்டெண்டின் தட்டுகளை விநியோகிக்கும் பொறுப்பு ஸ்டாக்ஸிடம் இருந்தது. ஸ்டாக்ஸின் ஆட்களுக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பின மக்களின் ஸோல் இசை கேட்கும் கடைகளும் வானொலிகளும். நாலு வெள்ளைக்காரப் பையன்கள் இங்கிலாந்து சாயலில் பாடும் தட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. 1972-இல் முதல் ஆல்பம் ‘நம்பர் ஒன் ரிகார்ட்’ (தலைப்பைப் பாருங்கள்!) வெளிவந்தபோது பத்திரிகைகள் புகழ்ந்தன. புகழ்ச்சியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. அந்த ஆண்டே ஸ்டாக்ஸ், பெரிய கம்பெனியான கொலம்பியாவோடு விநியோக ஒப்பந்தம் செய்துகொண்டது. கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தார்கள். ஒப்பந்தம் போட்ட கொலம்பியா தலைவர் கிளைவ் டேவிஸ் 1973 மே மாதம் பதவியை இழந்தார். அடுத்து வந்தவர்களுக்கு ஸ்டாக்ஸில் அக்கறையில்லை. உறவு கசந்து இழுபறியானது. நடுவில் மாட்டிக்கொண்டது ‘ரேடியோ சிட்டி’. விற்றது சுமார் 20,000 பிரதிகள் என்று சொல்கிறார்கள். அமெரிக்கா மாதிரி தேசத்தில் அது ஒன்றுமேயில்லை. 1975 முடிவதற்குள் ஸ்டாக்ஸே திவாலாகிவிட்டது. கடை வைத்திருப்பவர்கள், ஏஜென்சி எடுத்து நடத்துபவர்கள் நம்மில் பலர் உண்டு. சரக்கு முதல் தரம், ஆனால் லாரி வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இடையில் ஒரு வேடிக்கை. 1973 மே மாதம் ஆர்டெண்ட்காரர்கள் நாடெங்கிலுமிருந்து இசை விமரிசகர்களை மெம்பிஸுக்கு அழைத்து மாநாடு ஒன்று நடத்தினார்கள். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். விமரிசகர்கள் லேசில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஜாதி. பிக் ஸ்டார் வாசித்தபோது எழுந்து ஆடினார்கள். அநேகமாகக் கலைந்தே போயிருந்த குழு, அந்த இரவுக் கைதட்டலால்தான் இரண்டாவது ஆல்பம் செய்யத் துணிந்தது. அன்று அந்த விமரிசகர்கள் வந்திராவிட்டால் ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பதிவாகியிருக்குமா என்பதே சந்தேகம். இரண்டு வரி பாராட்டு என்ன செய்யும் என்பதை நண்பர் கவனிக்கட்டும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டி ஹம்மல் கல்லூரிப் படிப்பை முடிக்கப் போனார். என்ஜினீயராகி விமானத் துறையில் வேலை பார்த்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் நல்ல முடிவு என்பார்கள். கிறிஸ் பெல் 1978 டிசம்பர் 27-இல் கார் விபத்தில் இறந்தார். வயது 27. சில்ட்டன் எண்பதுகளின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் போய் ஓட்டலில் பாத்திரம் கழுவினார். பதினாறு வயதில் நாட்டிலேயே முதலிடம் பார்த்தவர்! அவர் யாரிடமும் அதைப் பெரிய சோகமாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததாகத் தெரியவில்லை. 1993-இல் மிசூரி பல்கலைக்கழக மாணவர்கள் கேட்டுக்கொண்டதற்காக அவரும் ஜோடி ஸ்டீஃபன்ஸும் இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி பிக் ஸ்டாராக மேடையேறினார்கள். 2010 மார்ச் 17-இல் சில்ட்டன் காலமானார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் மெம்பிஸ் உறுப்பினர் எழுந்து அஞ்சலி செலுத்தினார். அதே ஆண்டு ஜூலையில் ஹம்மலும் போய்விட்டார்.

பாட்டு மட்டும் கைமாறிக் கைமாறிப் பிழைத்துக்கொண்டது. எனக்கு அது வந்த வழியும் சுற்று வழிதான். 1987 வாக்கில் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என் மகளுக்கு பேங்கிள்ஸ் என்ற பெண்கள் குழுவின் கேஸட் கொடுத்தார். 1986-இல் வந்த ‘டிஃபரெண்ட் லைட்’. அதில் இந்தப் பாட்டு இருந்தது. சமையலறையில் என் மனைவி குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருக்க, கூடத்தில் அந்தச் சலங்கை! இது யார் என்று மகளைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை, அட்டையில் பொடி எழுத்தில் சில்ட்டன் என்று போட்டிருந்தது. 1992-இல் பிக் ஸ்டாரின் முதல் இரண்டு ஆல்பங்களும் ஒரே சிடியாக வந்தன. வேலைக்கு வெளிநாடு போன மகள் சில வருடம் கழித்து அதை எனக்கு வாங்கி அனுப்பினாள். அந்த சிடியைத்தான் அவள் மகன் கேட்டு வளர்ந்தான்.

நான் கேட்டதற்கு முன்பே உலகத்தில் பலர் கேட்டுவிட்டிருந்தார்கள். ஆர்.இ.எம். குழுவினர் தங்களுக்கு வழிகாட்டி பிக் ஸ்டார் என்றார்கள். ரீப்ளேஸ்மெண்ட்ஸ் குழு 1987-இல் ‘அலெக்ஸ் சில்ட்டன்’ என்ற பெயரிலேயே ஒரு பாட்டு போட்டது. 2003-இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது பிக் ஸ்டாரின் மூன்று ஆல்பங்களும் அதில் இருந்தன. விற்காத மூன்றும்!

சர்ச்சர்ஸ் என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன். 1964-இல் இரண்டு கிடாரைச் சேர்த்து அந்தச் சலங்கையை உண்டாக்கிய லிவர்பூல்காரர்கள். வயதான பிறகு, 1981-இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அதில் அவர்கள் எடுத்துப் பாடிய பாட்டுகளில் ஒன்று ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’. தங்களைப் போன்றவர்களைக் கேட்டு மெம்பிஸில் ஒரு பையன் எழுதிய பாட்டை, லிவர்பூலில் மூத்தவர்கள் கற்றுக்கொண்டு பாடுகிறார்கள். அவர்களுக்கு இது காப்பி என்று தோன்றவில்லை. நண்பருக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்ட வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு காபிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தட்டும் சரியாக விற்கவில்லை.